கல் உப்பும் தேயிலை வேரும்: மலை வீட்டுக்குச் சாமான் செய்யும் வழி

முதல் முறை ஒரு வீட்டைப் பார்க்கப் போகும்போது என் பையில் உளியோ ரம்பமோ இருக்காது. கால் கிலோ கல் உப்பு இருக்கும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் வீடு வாங்கியவர்கள், தச்சர் உப்புப் பொட்டலத்தோடு வருவதைப் பார்த்து, திருஷ்டி கழிக்க வந்திருக்கிறாரோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு வீட்டு அம்மா உள்ளே போய்க் கற்பூரமும் எடுத்து வந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை; வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

உப்பின் வேலை இதுதான். ஒவ்வோர் அறை மூலையிலும் ஒரு கிண்ணத்தில் ஒரு பிடி உப்பைப் போட்டு, ஜன்னல்களைச் சாத்தி, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை ஒட்டிப் போகும்போது உப்பு கசியத் தொடங்கும். வாரக் கடைசியில் எந்தக் கிண்ணத்தில் உப்பு பொலபொலவென்று கிடக்கிறதோ அந்த மூலைக்கு அலமாரி போகலாம், புத்தகம் போகலாம். எந்தக் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதோ அங்கே கல் மேடை கட்டி மண்பானை வையுங்கள், மரத்தைக் கொண்டுபோகாதீர்கள். சோதனையைச் சித்திரையில் செய்து பயனில்லை. எங்கள் பக்கம் ஆடியில் சாரலும் மஞ்சும்தான். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். கூடலூர்ப் பக்கம் இது தலைகீழ், அங்கே ஆடி மழைதான் மழை. உங்கள் வீடு எந்தச் சரிவில் இருக்கிறதோ அந்தச் சரிவின் மழைக்காலத்தை ஒருமுறை வெறும் பாயோடும் நாற்காலியோடும் அங்கேயே இருந்து பாருங்கள். சுவரில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று கரிக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். சாமான் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

இதைக் கேட்காமல் சமவெளியிலிருந்து எட்டுப் பேர் உட்காரும் மேசை ஒன்றை லாரியில் ஏற்றி வந்தார் ஒருவர். மேலே காகிதக் கனத்தில் தேக்குத் தோல், உள்ளே மரத்தூளை அமுக்கிய பலகை. பார்க்க நூறு வருடப் பழசுபோல் சங்கிலியால் அடித்து வடுப்போட்டிருந்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் அதன் விளிம்பு ஆப்பம்போல உப்பிவிட்டது. பழசுபோல இருந்தது உண்மையாகவே பழசாகிவிட்டது என்று அவரே சிரித்ததால் நான் தப்பித்தேன். இல்லாவிட்டால் என்ன ஆறுதல் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

எனக்கும் இது பிறவி ஞானம் அல்ல. அப்பா இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டத்துத் தச்சர். 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் ஊர் மாறியவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. நான் கைப்பிள்ளையாக நீலகிரிக்கு வந்தேன். அப்பாவின் வாச்சியும் இழைப்புளியும் எனக்கு முன்னால் பெட்டியில் ஏறியிருந்தன. இருபத்திரண்டு வயதில், தனியாக எடுத்த முதல் வேலையில், வெட்டி இரண்டு மாதமே ஆன சில்வர் ஓக் பலகையில் ஒரு கதவு செய்தேன். “மரம் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது, நீ ஏன் அவசரப்படுகிறாய்?” என்றார் அப்பா. கேட்கவில்லை. தை மாதத்துக் காற்றில் அந்தக் கதவு அப்பளம்போல் முறுக்கிக்கொண்டது. அதைக் கழற்றி வந்து இன்றைக்கும் என் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். அவசரப்படுத்தும் வாடிக்கையாளருக்கு நான் பதில் சொல்வதில்லை, அதைக் காட்டுவேன்.

ஆகவே மரத்தைப் பற்றி முதலில். சில்வர் ஓக் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட மரம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சரியான திசையில் அறுத்தால் பலகையில் மீன் செதில்போல ரேகை மினுக்கும். இழைக்க எளிது, கனமும் இல்லை. இவ்வளவு நல்ல மரத்தைப் பெட்டி அடிக்கிற மரம் என்று உள்ளூர்க்காரர்கள் அலட்சியப்படுத்துவது எனக்கு வருத்தம்தான். அதன் ஒரே தேவை பொறுமை. அறுத்த பலகைகளுக்கு இடையே ஓர் அங்குலக் குறுக்குச் சட்டங்களை ஒரே நேர்கோட்டில் வைத்து அடுக்குங்கள். மேலே கூரை, நான்கு பக்கமும் காற்று. பலகையின் இரண்டு முனைகளிலும் மீந்துபோன பெயின்ட்டையோ உருக்கிய மெழுகையோ தடவுங்கள், இல்லையென்றால் முனையிலிருந்து பிளக்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது அப்பாவின் கணக்கு. உலகத் தச்சர்கள் பலருடைய கணக்கும் அதுவே. காத்திருக்க முடியாதவர்கள் பழைய பங்களா இடிக்கும்போது கிடைக்கும் கதவு, ஜன்னல் சட்டங்களை மேட்டுப்பாளையத்து மரக்கடைகளில் தேடலாம். ஐம்பது வருடம் காய்ந்த பலா, தேக்கு. ஆணி இருக்கும், ரம்பத்தைப் போடுமுன் காந்தத்தால் தடவிப் பாருங்கள்.

தைல மரம் வலுவானது, ஆனால் முரடு. துளை போடாமல் ஆணி அடித்தால் விரிசல் விடும். உத்தரத்துக்கும் வேலிக்கும் ஆகும், மேசைக்கு வேண்டாம். சைப்ரஸ் கிடைத்தால் துணிப்பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதன் வாசனை பெட்டிக்குள் வருடக்கணக்கில் நிற்கும். சீகை (வாட்டில்) மரத்துக் கழிகள் படிக்கட்டுக் கைப்பிடிக்கும், திரைச்சீலை மாட்டும் கம்புக்கும் பொருத்தம்.

சொந்த நிலத்தில் நிற்கும் மரம்தானே என்று கோடரியைத் தூக்காதீர்கள். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. பட்டா நிலத்து மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும். வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கணப்புக்கு மேலே மாட்ட மான் கொம்பு கிடைக்குமா என்று வருடத்தில் நாலைந்து பேராவது என்னிடம் ரகசியக் குரலில் கேட்கிறார்கள். காட்டில் தானாக உதிர்ந்து கிடந்ததாக இருந்தாலும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். காட்டுமாடு பார்க்க ஆசையா? சாயங்காலம் வாசல் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காருங்கள், அதுவே வரும்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். தோட்டங்களில் மறுநடவுக்காக மூத்த தேயிலைச் செடிகளைப் பிடுங்குவார்கள். மேலே இடுப்பளவு புதர்தான். தலைமுறை தலைமுறையாகக் கவாத்து, அதாவது கிளைவெட்டு, வாங்கிய அடித்தண்டு மனிதத் தொடைபோலத் திரண்டு, கீழே வேர் பத்து விரலையும் விரித்த மாதிரி இருக்கும். விறகாகப் போகிற அந்தக் கட்டையைத் தோட்டத்துக்காரரிடம் காசு கொடுத்து, ரசீதோடு வாங்குங்கள். அதுதான் உங்கள் வரவேற்பறை மேசையின் கால்.

முதல் வேலை தச்சு வேலையே அல்ல, பல் குத்துவது. வேர்கள் வளரும்போது கூழாங்கல்லை விழுங்கி வைத்திருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி, கம்பி பிரஷால் தேய்த்து, சந்துகளில் உள்ள கல்லை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க வேண்டும். ஒரே ஒரு கல்லை விட்டாலும் அது உங்கள் நல்ல உளியின் வாயைத் தேடி வந்து உடைக்கும். பிறகு நிழலில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் காயட்டும். வெயிலில் போட்டால் மூன்றே நாளில் வெடிக்கும். பட்டை தானாக உரிந்து வரும்போது மரம் தயார் என்று பொருள். தொங்கும் நாரையும் சிராயையும் கத்தியால் சீவி, உப்புத்தாள் போடுங்கள். நாலா பக்கமும் வழவழப்பாக்க வேண்டியதில்லை. கை படும் இடம் வழவழக்கட்டும், கை படாத இடம் வேராகவே இருக்கட்டும்.

இப்போது அதை நிற்க வைக்க வேண்டும். ஏழெட்டு வேர் நுனிகளும் ஒரே மட்டத்தில் தரையைத் தொட வேண்டும். ஒன்றை அறுத்துப் பார்த்து, ஆடினால் இன்னொன்றை அறுத்து, இப்படியே போனால் மேசை மணையாகிவிடும். நான் ஒரு புது வாடிக்கையாளர் வீட்டில் இப்படிக் குள்ளமாக்கிய ஒரு வேர், இன்று அவர்கள் நாய்க்குச் சாப்பாட்டு மேடையாக இருக்கிறது. வழி சுலபமானது. சிமென்ட் தரைபோலச் சமமான இடத்தில் வேரைக் கவிழ்க்காமல் நிறுத்தி, மேல்பகுதி நீங்கள் விரும்பும் மட்டத்துக்கு வரும்வரை கீழே மரத்துண்டுகளைச் செருகுங்கள். ஒரு சின்னக் கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்துக் கட்டி, அந்தக் கட்டையைத் தரையோடு நகர்த்திக்கொண்டே எல்லா வேர்களையும் சுற்றிக் கோடு இழுங்கள். கோடு முழுவதும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் விழும். அந்தக் கோட்டில் அறுத்தால் ஒரே தடவையில் உட்காரும். அறுபட்ட பாதங்களில் மெழுகை உருக்கித் தடவுங்கள். தரையின் ஈரம் ஏறும் வாசல் அதுதான். மேலே கண்ணாடி போடுவது பலர் வழக்கம். எனக்குப் பிடிக்காது. குளிர்காலக் காலையில் கண்ணாடி வியர்க்கும், கை வைத்தால் சில்லென்று இருக்கும். இரண்டங்குல சில்வர் ஓக் பலகையை விளிம்பு சீவாமல், பட்டையை மட்டும் நீக்கிப் போடுங்கள்.

நாற்காலிக்கு உண்ணிச்செடி. ஆங்கிலேயர் காலத்தில் பூவுக்காகத் தோட்டத்தில் வைத்த செடி. இன்று முதுமலை வரை காட்டைக் கம்பளிபோல் மூடிக் கிடக்கிறது. யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல் அதன் அடியில் முளைப்பதில்லை. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இந்தக் குச்சியில் ஆளுயர யானைகளையே செய்கிறார்கள். கட்டை விரல் கனத்தில் நேரான தண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். காட்டுக்குள் நீங்களாகப் போகக் கூடாது. தோட்ட ஓரங்களிலேயே வேண்டுமளவு கிடக்கிறது. பாதியாக அறுத்த இரும்பு டிரம்மில் தண்ணீர் கொதிக்க வைத்து, தண்டுகளை இரண்டு மூன்று மணி நேரம் வேக விடுங்கள். சூடு ஆறுவதற்குள் பட்டையை உரித்து, வேண்டிய வளைவுக்கு வளைத்து, கயிற்றால் கட்டிப் போட்டுவிடுங்கள். ஆறிய பிறகு வளைத்தால் முறியும். நாலைந்து நாளில் வளைவு நின்றுவிடும். ஒவ்வோர் ஆணிக்கும் முன்துளை கட்டாயம். பிரம்பு நாற்காலியைவிட மலிவு, கறையானும் இதை எளிதில் தொடுவதில்லை. உங்களால் முடியாது என்று தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை, செய்பவர்களிடம் வாங்குங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள். ஒரு நாற்காலிக்குப் பின்னால் எத்தனை நாள் கொதிநீரும் கொப்புளமும் இருக்கின்றன என்பது செய்து பார்த்த எனக்குத் தெரியும்.

மூங்கில் விஷயத்தில் ஒரு மானக்கேடு நடந்தது. தங்கும் விடுதி ஒன்றில் சாப்பாட்டு மேசைக்கு மேலே மூங்கில் விளக்குக்கூடு தொங்கவிட்டேன். மூன்றாம் மாதம், விருந்தினர் ஒருவரின் ரசத்தில் மாவுபோல வெள்ளைப் பொடி உதிர்ந்தது. உளுத்துப்போய்விட்டது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்குத்தான் உளுக்க வைக்கும் வண்டு வருகிறது. அதன் பிறகு 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ போரிக் அமிலம், 3 கிலோ வெண்காரம் (போராக்ஸ்) கரைத்து, கணுக்களை நீண்ட கம்பியால் துளைத்து, பத்து நாள் ஊற வைக்காத மூங்கிலை எந்த வீட்டுக்குள்ளும் நான் கொண்டுபோனதில்லை. மூன்று வயதுக்கு மேல் முற்றிய மூங்கிலாக, மழை ஓய்ந்த பருவத்தில் வெட்டியதாகக் கேட்டு வாங்குங்கள். அந்த விடுதி இப்போது விளக்குக்குத் தகரக் கூடு போட்டிருக்கிறது. நியாயம்தான்.

பூச்சுக்கு வருவோம். அரக்கு பாலிஷ் சமவெளியில் அழகு. இங்கே மஞ்சு பட்டால் பால் தெளித்ததுபோல் வெளுக்கும். கனமான வார்னிஷ் இரண்டு வருடத்தில் தோல் உரியும், உரிந்த இடத்தில் நீர் புகுந்து கறுக்கும். தேன்மெழுகும் ஆளி விதை எண்ணெயும் போதும். குறும்பர் பழங்குடியினர் பாறைத்தேன் எடுக்கும் ஊர் இது, நல்ல மெழுகுக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் மெழுகைச் சீவி, 400 கிராம் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயில் போட்டு, அந்தப் பாத்திரத்தைக் கொதிநீருள்ள இன்னொரு பாத்திரத்தில் வையுங்கள். நேர்த் தீயில் ஒருபோதும் வைக்காதீர்கள். மெழுகு 65 டிகிரிக்குள் உருகிவிடும். ஆறினால் வெண்ணெய்ப் பதம். பழைய பருத்தித் துணியில் எடுத்து மரத்தில் தேய்த்து, அரை மணி விட்டுத் துடையுங்கள். முதல் வருடம் நாலு தடவை, பிறகு மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று.

அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூட்டை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள். எண்ணெய் டின்னையும் வராந்தாவில் வைக்க வேண்டாம். எங்கள் ஊர்க் கரடிகளுக்கு எண்ணெய் என்றால் கோயில் விளக்கும் ஒன்றுதான், தச்சன் டின்னும் ஒன்றுதான். என்னுடையதை ஒருமுறை கடித்துத் துளைத்து, புதிதாக இழைத்த பெஞ்சின் மீது கவிழ்த்துவிட்டுப் போனது. பூச்சு மட்டும் சமமாகப் படவில்லை.

துணிமணிகளில் நான் நிபுணன் அல்ல, என் மனைவி சொல்வதைத்தான் திருப்பிச் சொல்கிறேன். தோடர் பெண்களின் பூவேலைத் துணி ஒன்று வாங்கினால் போதும், ஆனால் அசலாக வாங்குங்கள். முரட்டு வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக, வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணியே தைப்பார்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை மேசைவிரிப்பாக்கிக் குழம்பு சிந்தவிடாதீர்கள். நேர் வெயில் படாத சுவரில், மேலே ஒரு சீகைக் கம்பு கோத்துத் தொங்கவிடுங்கள்; துணிக்கும் சுவருக்கும் இடையே காற்று போக இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். தரைக்குப் பவானி ஜமக்காளம். மடித்து வெயிலில் போட வசதி. தரையோடு ஒட்டும் கம்பளம் இங்கே பூஞ்சணத்துக்குப் பண்ணை. அலமாரியையும் கட்டில் தலைமாட்டையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். உப்புக் கிண்ணம் கசிந்த மூலை ஞாபகம் இருக்கிறதா, அங்கே கோத்தர் பழங்குடிப் பெண்கள் வனைந்த பானை ஒன்றை வையுங்கள். ஈரம் அதை ஒன்றும் செய்யாது.

கணப்பு இருந்தால் மரச்சாமான் மூன்றடி தள்ளி நிற்கட்டும். கணப்பு இல்லாத அறைக்குக் கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தித் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கரி கக்கும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கம்பளி போர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எதையாவது உங்கள் கையால் செய்ய வேண்டும் என்றால் முக்காலியில் தொடங்குங்கள். மலை வீட்டுத் தரை எங்கேயும் சமமாக இருக்காது. நாலு கால் ஆடும், மூன்று கால் ஆடாது. ஓரடி விட்டமுள்ள, இரண்டங்குலக் கனமுள்ள பலகையை வட்டமாக அறுத்து, ஓரத்திலிருந்து இரண்டரை அங்குலம் உள்ளே மூன்று ஓரங்குலத் துளைகள். துளை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும்; கால்கள் இருக்கையைவிடச் சற்று அகன்று நின்றால்தான் ஆள் சாய்ந்தாலும் கவிழாது. இதில் அப்பா சொல்லித் தந்த சூட்சுமம் ஒன்று உண்டு. கால்களை அடுப்புப் பரணில் இரண்டு மாதம் வைத்து எலும்பாகக் காய வையுங்கள். இருக்கைப் பலகை மட்டும் கொஞ்சம் ஈரம் மீந்ததாக இருக்கட்டும். காலின் மேல்நுனியை, அதாவது கழுந்தை, துளையில் இறுக்கமாக அடித்து ஏற்றி, அதன் தலையைப் பிளந்து ஓர் ஆப்பு இறக்குங்கள். ஆப்பு பலகையின் ரேகைக்குக் குறுக்காகப் போக வேண்டும், ரேகையோடு போனால் இருக்கை இரண்டாகும். நாளாக ஆகப் பலகை சுருங்கிக் காலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பசை, ஆணி எதுவும் வேண்டாம். நான் பதினான்கு வயதில் செய்த முக்காலியில் உட்கார்ந்துதான் என் மனைவி இன்றும் பூண்டு உரிக்கிறாள். ஒரு கால் சற்றுக் கோணல் என்று வாரம் ஒருமுறை சொல்லிக்காட்டுவாள், ஆனால் வேறு எதிலும் உட்கார மாட்டாள்.